மச்சான் பிடித்த கயிறு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மாதா கோயில் மணியின் மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்கு, திரேஸ்புரம் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் அத்தனை வள்ளங்களின் மேலும் சத்தியம். அப்படியும் நம்பாதவர்கள் இரண்டாம் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்லும் பதிலுக்கு மட்டும் இந்தக் கதை பொறுப்பல்ல.

வளன் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே வள்ளத்தில் உட்கார்ந்து அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் திடீரென்று சொத்து ஞாபகம் வந்துவிடும். சிநேகிதன் பிடித்தால் பேச்சு சுவாரசியத்தில் கை தளர்ந்துவிடும். மச்சான் மட்டும் விடமாட்டான். விட்டால் தங்கச்சியும் பிள்ளையும் அவன் வீட்டுக்குத்தான் பெட்டியோடு வந்து சேருவார்கள்.

ஆகவே வளன் பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைப் பார்க்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்த அண்ணன்காரர் செபாஸ்டினின் முன்கையைத்தான் பார்த்தான். பார்த்ததும் சம்மதம் சொல்லிவிட்டான். விஜிலாவின் முகத்தை அவன் சரியாகப் பார்த்தது கல்யாண ஆல்பம் வந்த பிறகு.

செபாஸ்டினின் கை அப்படிப்பட்டது. துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல் கட்டறுந்து நகர்ந்தபோது, அதன் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் டீயைக் குடித்து முடித்தவர் அவர். டீ ஆறவில்லை. கப்பலும் நகரவில்லை.

கயிற்றுக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஒரு இழுப்பு என்றால் ‘இருக்கியா?’ பதிலுக்கு ஒரு இழுப்பு, ‘இருக்கேன்.’ இரண்டு இழுப்பு, ‘இன்னும் கயிறு விடு.’ மூன்று இழுப்பு, ‘என்னை மேலே இழு.’ பதினான்கு வருஷமாக வளனும் மச்சானும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். கரையில் அவர்களுக்குள் பேச ஒன்றும் இருக்கவில்லை. கண்டிப்பான தடை ஒன்றும் இருந்தது. முங்குகிறவன் தரையில் நின்று கயிற்றைக் கையில் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் அவன் அதன் பிறகு கடலில் முங்கக் கூடாது.

வளனுடைய மகள் மெட்டில்டாவுக்கு எட்டு வயது. மூன்று வயதில் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். அவளுக்குப் பேச்சு இல்லை. பேச்சுதான் இல்லை, எந்த வள்ளத்து எஞ்சின் எத்தனை தடவை இருமிவிட்டுக் கிளம்பும், எந்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. எட்டு வருஷத்தில் அவள் யாரையும் எதற்கும் கூப்பிட்டதில்லை. வேண்டியதைத் தானே போய் எடுத்துக்கொள்வாள்.

எதிர்வீட்டில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அன்றிலிருந்து மெட்டில்டா காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஊர் மாற வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. எந்த ஊர் என்பதுதான் முடிவாகவில்லை.

அந்த நாலாம் நாளில்தான் வளனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. செபாஸ்டின் வாசலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனை வீட்டுக்குள் கட்டிலடி வரை ஓடிக் கிடந்தது. அதை மெட்டில்டா பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். செபாஸ்டினின் கை, தொழில் பழக்கத்தில், ஒரு இழுப்பு பதில் கொடுத்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

வளன் அதுவரை அவளுக்குப் பேசும் பொம்மை வாங்கிக் கொடுத்திருந்தான். ஊஞ்சல் கட்டியிருந்தான். நாலு கால் போட்டு ஆமையாக நடந்திருந்தான். ஒன்றுக்கும் சிரிக்காதவள், மச்சான் ஒரு கயிற்றை அசைத்ததற்குச் சிரித்தாள். அதுவும் வளனுடைய கயிறு. அவன் இடுப்பில் கட்டுகிற கயிறு.

மறுநாள் அவன் முங்கிய இடத்தில் பொறாமைச் சூட்டில் கடல் கொதித்து, ஊளி மீன்கள் பாதி வெந்து மேலே மிதந்தன. வாங்கிப் போனவர்கள் உப்பு மட்டும் தூவிச் சாப்பிட்டார்கள். மேலேயிருந்து ‘இருக்கியா?’ என்று இழுப்பு வந்தபோதெல்லாம், என் மகளிடமும் இதைத்தானே கேட்டாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பதிலை வேண்டுமென்றே ஒரு நிமிஷம் தாமதித்துக் கொடுத்தான்.

விஜிலா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதினாள். பள்ளிக்கூடம், பயிற்சி கொடுக்கிற டீச்சர், சத்தம், ஆஸ்பத்திரி என்று நாலு கட்டம். வளனின் மனதிலும் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே ஒரு கட்டம்: மச்சானிடமிருந்து எத்தனை தூரம்.

முதலில் ஓட்டப்பிடாரம் போனார்கள். வீடு பார்ப்பதற்கு மெட்டில்டாவிடம் ஒரு முறை இருந்தது. உள்ளே போனதும் தரையில் குப்புறப் படுத்து ஒரு கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். ஓட்டப்பிடாரத்தில் வைத்த கன்னத்தை உடனே எடுத்துவிட்டாள். நாலாவது வீட்டில் ஓடிய மாவு மில் அவளுக்குத் தரைவழியே தெரிந்துவிட்டது. அவள் எழுந்து வெளியே வந்தபோது வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில், தோளில் கயிற்றுச் சுருளோடு, செபாஸ்டின் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இங்கன?” என்றான் வளன்.

“சும்மா மாப்ள. இந்தப் பக்கம் ஒரு சோலி.”

“கயிறு?”

“வண்டியிலயே கிடந்துது.”

இரண்டாவதாக வளன் தனியாகவே ரயில் ஏறிக் கோயம்புத்தூர் போய்விட்டு வந்தான். வந்ததும் வராததுமாக, “ஊருன்னா அதான் ஊரு,” என்றான். “பெரிய பள்ளிக்கூடம். நல்ல தண்ணி. அங்கன கடலே கிடையாது பாத்துக்க.”

“கடல் இல்லாட்டி பிள்ளைக்கு என்ன நல்லது?” என்றாள் விஜிலா.

“உப்புக் காத்து இல்லல்லா.”

“எங்க அண்ணன் இல்லன்னு சொல்லுங்க.”

“ஏளா, நான் என்ன சொல்லுதேன், நீ என்ன சொல்லுத.”

“பள்ளிக்கூடத்துல எத்தன டீச்சர்னு கேட்டா முழிக்கிய. இங்கனயிருந்து எத்தன கிலோமீட்டர்னு கேட்டா டக்குனு சொல்லுதிய. நீங்க பள்ளிக்கூடம் பாக்கப் போனியளா, ரூட்டு அளக்கப் போனியளா?”

வளன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆணி கழன்று விழுந்தது.

மூன்றாவது சாயர்புரம். ஞானசௌந்தரி என்ற ரிட்டயர்டு டீச்சரின் வீட்டுப் பின்கட்டு. அடுத்த தெருவில் இரண்டு டீச்சர்கள் நடத்தும் சிறிய பயிற்சி மையம். அங்கே மெட்டில்டா தரையில் வைத்த கன்னத்தை மத்தியானம் வரை எடுக்கவில்லை. ஞானசௌந்தரி டீச்சர் அவளைச் சுற்றியே பெருக்கினார்.

“பிள்ளைக்கு வீடு பிடிச்சிருக்கு,” என்றார். “ஒரு மாசம் இருந்து பாருங்க. சரிப்பட்டா இருங்க.”

அந்த ஒரு மாதத்துக்கு வளன் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. திரேஸ்புரத்துக்கும் சாயர்புரத்துக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். தினமும் வந்து போக மச்சானுக்குப் பெட்ரோல் கட்டாது. ஒரு மாதத்தில் கயிறு பழக்கம் மறந்துவிடும். பிறகு கோயம்புத்தூர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.

செபாஸ்டின் வரவில்லைதான். ஆனால் கயிறு வந்தது.

திரேஸ்புரத்தில் இருந்த பழைய கயிறுகள் அத்தனையையும் அவர் முடிச்சுத் தெரியாமல் முறுக்கி இணைத்து, தன் வீட்டுத் திண்டில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாம் கேட்டில் ரயில்வேக்காரர் கயிறு போவதற்காகக் கேட்டைச் சாத்தி வைத்தார். முத்தையாபுரத்தில் உப்பு லாரிகள் அதன் மேல் ஏறாமல் தள்ளி நின்று வழிவிட்டன. உப்பளத்துப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, எதற்குக் கயிறு என்று கேட்டார். “தங்கச்சி மவகூடப் பேசதுக்கு,” என்றார் செபாஸ்டின். போலீஸ்காரர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. போகச் சொல்லிவிட்டார். வாழைத்தோப்புகளைத் தாண்டி மூன்றாம் நாள் கயிறு ஞானசௌந்தரி டீச்சர் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

மெட்டில்டா ஒரு இழுப்பு இழுத்தாள். வெயில் நேரமாகையால் கயிறு நெகிழ்ந்திருந்தது. பதில் வந்து சேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அவள் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அசையாமல் காத்திருந்தாள். பதில் வந்ததும் சிரித்தாள். வளன் அடுப்படியில் நின்று அதைக் கேட்டான்.

எட்டாம் நாள் அவனால் முடியவில்லை. சங்கிலிருந்து சதையை எடுக்கிற கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கயிறு போன வழியே நடந்தான். வாழைத்தோப்பில் அறுத்தால் யாராவது பார்ப்பார்கள். உப்பளம் வரை போனான். உச்சி வெயில். பாத்திகளில் ஒரு ஈ காக்கை இல்லை. திரேஸ்புரம் போகிற பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டான். சாயர்புரம் போகிற பக்கத்தை இடது கையில் பிடித்தான். வலது கையில் கத்தி.

கயிறு ஒரு இழுப்பு இழுத்தது.

மச்சானின் இழுப்பு அவனுக்குத் தெரியும். பதினான்கு வருஷமாக விலாவில் வாங்கியது. இது அதுவல்ல. நண்டு தூண்டிலைக் கடித்துப் பார்ப்பதுபோல் லேசான இழுப்பு. ‘இருக்கியா?’

கத்தியைப் பிடித்திருந்த கை என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, கயிற்றைப் பிடித்திருந்த கை பதில் கொடுத்துவிட்டது. ‘இருக்கேன்.’ தண்ணீருக்கு அடியில் ஆயிரம் தடவை கொடுத்த பதில். இனிக் கடலில் முங்க முடியாது என்பது அதைக் கொடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

வழக்கமாகப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும் இடத்தில் பாதி நேரத்தில் பதில் போய்ச் சேர்ந்திருக்கும். கை வேறு என்பதும் தெரிந்திருக்கும். மோட்டார் சத்தத்தில் வீட்டைச் சொல்கிற பிள்ளைக்கு அது தெரியாதா? வளன் நெற்றி வியர்வையைத் துடைக்காமல் நின்றான். கயிறு மறுபடி அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

‘என்னை மேலே இழு.’

மச்சானிடம் அவள் ஒரு நாளும் மூன்று இழுத்ததில்லை. அது வளனுக்கு உறுதியாகத் தெரியும். அவன் அடுப்படியில் நின்று எண்ணியிருக்கிறான்.

அவன் கத்தியை இடுப்பில் செருகிவிட்டு இழுக்க ஆரம்பித்தான். பிறர் இழுத்து மேலே வந்தே பழகியவனுக்கு இழுக்கத் தெரியவில்லை. முதலில் கை பொத்துப்போனது. பிறகு வந்துவிட்டது. ஒன்பது கிலோமீட்டர் கயிற்றையும் இழுத்துப் போட்டான். பக்கத்தில் கயிறு உப்புக் குவியலைவிட உயரமாகச் சேர்ந்தது. நாலு மணிக்கு, வரப்பின் கடைசியில், சத்தம் கேட்காமலிருக்கக் காதில் ஹெட்போனும் கையில் கயிற்று முனையுமாக மெட்டில்டா நடந்து வந்தாள். பின்னால் விஜிலா, மகளின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு.

மெட்டில்டா அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் நடுவில் மீதியிருந்த இரண்டு முழக் கயிற்றில் ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் ஒரு இழுப்பு இழுத்தான். அவள் சிரித்தாள். இந்தத் தடவை வளன் அதைப் பார்த்தான்.

மறுமுனையில் பதில் வராமல் போனதால், கயிற்றை விடாமல் கையில் உருவிக்கொண்டே எக்ஸெல் வண்டியில் செபாஸ்டின் வந்து சேர்ந்தார். வந்து நின்று பார்த்தார்.

“கத்தி எதுக்கு மாப்ள?”

“வாழையில கயிறு சிக்கியிருக்குமோன்னு வந்தேன் மச்சான்.”

“உப்பளத்துல வாழையா?”

வளன் கிழக்கே பார்த்தான். மெட்டில்டா அடுத்த இழுப்பை இழுத்தாள், அதுவும் அவனுக்குத்தான். செபாஸ்டினின் முன்கையில் நரம்பு புடைத்தது. அவர் நின்ற பாத்தியில் தண்ணீர் கொதித்து, அன்றைக்கு உப்பு இரண்டு நாள் முன்னதாகவே விளைந்தது.

“ஒண்ணு சொல்லுதேன் மாப்ள,” என்றார் கடைசியில். “யோசிச்சுப் பாத்தா கோயம்புத்தூர்தான் நல்லதுன்னு படுது. பெரிய பள்ளிக்கூடம்லா. அங்கன கடலும் கிடையாது.”

“தூரமாச்சே மச்சான்,” என்றான் வளன். “சாயர்புரமே போதும்.”

விஜிலா செருப்பைக் கீழே போட்டாள். “ரெண்டு பேரும் செத்த வாய மூடுதியளா? பிள்ள கன்னத்த வச்சுப் படுத்த வீடு ஒண்ணுதான். அங்கனதான் இருக்கப் போறோம். வயிறு எரியுதவிய யாரோ, அவிய கோயம்புத்தூர் போட்டும்.”

யாரும் போகவில்லை. சாயர்புரத்திலேயே வீடு நிலைத்தது. கயிறு பிடித்துவிட்டதால் வளன் கடலை விட்டு, வாழைக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். மெட்டில்டா காலையில் பயிற்சி மையத்துக்குப் போகிறாள். சாயங்காலம் கயிறு அப்பாவுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமாவுக்கு. அந்த ஒரு நாள் மட்டும் வளன் காரணமில்லாமல் கொல்லையில் போய் விறகு உடைக்கிறான். வீட்டில் கேஸ் அடுப்பு.

இரண்டாம் கேட்டில் இறங்கி விசாரித்தால் சொல்வார்கள்: விஜிலா வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது.