காலிக் கோப்பின் எண்

பரிசோதனைக் கூடத்தின் கணினி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் மேலாளர். கதவையொட்டிய நாற்காலியில், ரத்தம் சோதிக்கும் இயந்திரத்தை இயக்குபவள். சன்னலோரக் கணினியின் முன்னால், அங்குள்ள நிரல்களை எழுதியவன். அவள் இவனுக்கு அண்ணி. வீட்டில் நக்கலும் நையாண்டியுமாக இருப்பவர்கள்.

காலையிலிருந்து இயந்திரம் ஓடுகிறது. அச்சுப்பொறியில் ஒரு தாள்கூட விழவில்லை.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலையில இவங்க கை வெச்சாங்க, போச்சு" என்றார் மேலாளர். எழுதிமுடித்த புகார்த் தாள் அவர் முன்னால் கிடந்தது. அண்ணிமேல் அது மூன்றாவது. தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தால் வேலைக்கு முழுக்குத்தான்.

"கை வெக்காம கண்ணாலயா சார் மெஷினைப் போடறது? தினமும் காலையில அணைச்சுப் போடச் சொல்லி நீங்கதானே சுவத்துல ஒட்டியிருக்கீங்க!" என்றவள் இவன் பக்கம் திரும்பினாள். "என்ன கொழுந்தனாரே, வாயில பூட்டா?"

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இயந்திரத்தின் நிரல் முடிவுகளை நினைவகத்திலுள்ள ஒரு பெட்டியில் போடும். அச்சு நிரல் அங்கிருந்து எடுக்கும். எந்தப் பெட்டி என்று காட்டுவது ஒரு சாவி எண். தொடங்கும்போது இரண்டு நிரல்களும் ஒரே காலிக் கோப்பைப் பார்த்து அந்த எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இப்போது இரண்டு. ஒன்று காலி. இன்னொன்றில் எடுப்பாரில்லாமல் நாற்பத்து மூன்று முடிவுகள்.

நேற்று மாலை கணினியின் வட்டிலிருந்து வேண்டாத கோப்புகளை நீக்கிச் சுத்தம் செய்தபோது, உள்ளே ஒன்றுமில்லாத கோப்பு எதற்கென்று அதை அழித்தவன் அவனேதான். பிறகு சுதாரித்து, அதே பெயரில், அதே இடத்தில் ஒன்றை உண்டாக்கி வைத்தான். ஆனால் சாவி பிறப்பது பெயரிலிருந்து அல்ல, கோப்புக்கு வட்டு கொடுக்கும் எண்ணிலிருந்து. புதுக் கோப்பு, புது எண். வாரக்கணக்கில் நிற்காமல் ஓடும் அச்சு நிரலிடம் பழைய சாவி. காலையில் அண்ணி போட்ட இயந்திரத்திடம் புதியது.

அச்சு நிரலை நிறுத்தித் தொடங்கினான். தாள்கள் மளமளவென்று விழுந்தன.

"அப்பாடா! காரணமெல்லாம் எதுக்கு? கீழே ஒரு கையெழுத்துப் போடு தம்பி. உன் ஒப்பந்தமும் அடுத்த மாசம் புதுப்பிக்க மேலே போகுது, ஞாபகமிருக்கா?" மேலாளர் புகார்த் தாளை நகர்த்தினார். நிரல் எழுதியவனின் கையெழுத்தில்லாமல் அது செல்லாது.

அவன் பேனாவைத் திறந்துவிட்டான்.

"நான் எதைத் தப்பா அமுக்கினேன்னு மட்டும் சொல்லுப்பா, நாளைக்குத் திருத்திக்கறேன்" என்றாள் அண்ணி. இந்தமுறை குரலில் நக்கல் இல்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணலை அண்ணி. கோப்பை அழிச்சது நான்."

அவள் அவனை முறைத்தாள். "அண்ணனுக்கேத்த தம்பி! அவர் வீட்டுச் சாவியைத் தொலைப்பார், நீ ஆபீஸ் சாவியை மாத்துவே."

"உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கறே" என்றார் மேலாளர்.

அவன் புதுத்தாள் எடுத்து, அழித்த நேரம், கோப்பின் பழைய எண், புதிய எண் என்று வரிசையாக எழுதி, 'தவறு என்னுடையது' என்று முடித்துக் கையெழுத்திட்டான். உறையில் இட்டு, அதன் வாயில் பசை தடவி ஒட்டினான். ரத்த மாதிரிப் பெட்டிகளோடு தலைமை அலுவலகம் கிளம்பிய வண்டியின் ஓட்டுநர் அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியை எடுத்தார்.