மகான் ஆத்து மாமி

விஜயதசமி முடிந்து பதினேழு நாளாகியும் எங்கள் டாக்குரியா ஃபிளாட்டில் கொலு கலையவில்லை. என் கணவர் மஹாதேவன் கலைக்க விடவில்லை. தசாவதார பொம்மைகளை இறக்கித் துடைப்பார், ஏற்றுவார், மறுபடி இறக்குவார். செட்டியார் பொம்மையின் கடைப் பருப்பைக்கூட ஒவ்வொன்றாக அடுக்குவார். சோறும் கிடையாது, தூக்கமும் கிடையாது. அடுக்கும்போதே உடம்பு நெளியும், தலை ஆடும்.

பார்க்கின்ஸன் நோய்க்கான மாத்திரைகளை டாக்டர் கூட்டிய பிறகுதான் இத்தனையும். புதுப் பழக்கம் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று அவர் எச்சரித்தும் இருந்தார். என் நாத்தனார் ராஜலக்ஷ்மி விட்டால்தானே.

"பேங்க்ல இருந்தவரைக்கும் கோயில் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்லை. இப்போ அம்பாளே இவன்மேல எறங்கியிருக்கா. டாக்டர்கிட்ட போய் உளறி வெக்காதே, அனந்தா."

வெள்ளிக்கிழமை லேக் மார்க்கெட் ஸஹஸ்ரநாம கோஷ்டியையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இவர் ஆடினார், அவர்கள் வரிசையாக விழுந்து நமஸ்கரித்தார்கள். எதிர் ஃபிளாட் வங்காளி அண்ணி சுப்ரியா பௌதி தன் பங்குக்குச் சங்கு ஊதினாள். நாத்தனார் குங்குமம் கொடுத்தாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக மானேஜர் ஆத்து மாமியாக இருந்தவளை மகான் ஆத்து மாமி என்றால் கசக்குமா? மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் காலில் விழுந்தேன். வெட்கங்கெட்ட ஜன்மம்.

எழுந்தபோதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். துடைத்துத் துடைத்துத் தோல் உரிந்திருந்தது. வாமனனின் குடையில் ரத்தம் ஒட்டியிருந்தது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனேன். கூப்பிடாமலே நாத்தனாரும் வந்து நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ், டாக்டர். எப்பவும் பூஜைதான்."

"பூஜையும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றார் இவர். "நிறுத்த முடியலை. கை அதுபாட்டுக்குப் போறது."

அந்த ஆட்டத்திலும் என் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வந்து கால்ல விழறேள். ஒருத்தராவது என் கையைப் பிடிச்சு நிறுத்தப்படாதா?"

டாக்டர் மாத்திரைச் சீட்டை வாங்கி அளவை அடித்துக் குறைத்து எழுத ஆரம்பித்தார். பாவி, நான் அப்போதுதான் அந்தக் கையைப் பிடித்தேன்.