பதிந்த உடம்பு

சீரமைத்த காப்பீட்டுத் திட்டம் அமலுக்கு வந்த வாரத்தில், குஞ்சம்மாளின் மூட்டுவலி அவளை விட்டு இறங்கி மகன் காளிதாஸின் முழங்காலில் ஏறிக்கொண்டது. மறுநாள் பேத்தி இலக்கியாவின் மூச்சிழுப்பும் அப்பா காளிதாஸின் நெஞ்சுக்குக் குடிபோனது. பள்ளிபாளையத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. வீட்டுக்கு வீடு அதுதான் நடந்துகொண்டிருந்தது. செலவு கைமீறிப் போகிறது என்று தலைநகரத்தில் கூடியவர்கள், இனி ஆண்டுக்கு ஒரு குடும்பத்தில் ஓர் உடம்புக்கு, அதிலும் ஒரு நோய்க்கு மட்டும் இலவச சிகிச்சை என்று முடிவு செய்திருந்தார்கள். எந்த உடம்பு என்பதைக் குடும்பமே பதிந்துகொள்ளலாம். ஜனங்கள்தான் குழம்பினார்கள். நோய்கள் அரசாணையை ஒழுங்காகப் படித்துவிட்டு, பதிந்த உடம்பைத் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டன.

காளிதாஸின் பெயரைப் பதியச் சொன்னவள் அவன் மனைவி மஞ்சுளா. அவனுக்கு இருதய வால்வு பழுது. தள்ளிப்போட்டால் ஆள் தங்கமாட்டான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அனுமதியும் வந்தது. ஆனால் ஆற்றுப்பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், இப்படி மூச்சு இழுக்கிறவனுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். இழுப்புக்கு அனுமதி கேட்டால் வால்வுக்கு வந்தது ரத்தாகும். காப்பீட்டு மேசையில் இருந்த அன்பரசு நல்ல பையன்தான், அவனும் என்ன செய்வான்.

"வால்வு மட்டுந்தாங்கக்கா. மத்ததையெல்லாம் எங்கியாச்சும் எறக்கி வச்சுட்டு வரச் சொல்லுங்க" என்றான்.

மஞ்சுளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்தாள். வேலை பார்க்கும் தறிப்பட்டறையில் நூல் அறுந்தது தெரியாமல் நின்றாள். வீட்டில் அவன் இழுத்து இழுத்து மூச்சு விடுவது தறிச்சத்தத்தையும் மீறி அவளுக்குக் கேட்டது.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டீக்குப் போகிறவர் பக்கத்துத் தறிக்காரரிடம் "பாத்துக்க" என்பார். அவர் "செரி, போங்க" என்றுவிட்டால், போனவர் வந்து "வந்துட்டேன், உடு" என்று சொல்லும்வரை அந்தத் தறி இவர் பொறுப்பு. மாட்டேன் என்று யாரும் சொன்னதில்லை. மஞ்சுளாவின் பக்கத்துத் தறிக்காரி குப்பாயி ஒண்டிக்கட்டை. அவளுடைய இடுப்புவலிக்குப் போக வேறு உடம்பு கிடையாது. அன்றைக்கு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "பாத்துக்க சாமி, வாரேன்" என்றாள். மஞ்சுளா யோசனையெல்லாம் வீட்டில் இருக்க, பழக்கதோஷத்தில் "செரிங்க, போங்க" என்றுவிட்டாள். குப்பாயி நிமிர்ந்து நடந்து போனாள். மஞ்சுளாவுக்கு இடுப்பு வெடுக்கென்று பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தவள் "உடு" என்றதும் வலியும் போனது. மஞ்சுளா தறியை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"ஏனுங்க, இழுப்பையும் முட்டிவலியையும் எங்கிட்டப் பாத்துக்கச் சொல்லுங்க."

"உனக்கெதுக்கு புள்ள அந்தப் பாடு?"

"சொல்லுங்கறேன்ல!"

பயம் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். அவன் சொன்னான். "செரிங்க, போங்க" என்றாள். அவன் நடந்தே போய் ஆபரேஷனுக்குப் படுத்தான்.

பிழைத்து வீடு வந்தவன் வாசலில் நின்று "வந்துட்..." என்று ஆரம்பிக்க, குஞ்சம்மாள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அதன்பிறகு மாதக்கணக்கில் தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல நுழைந்தான். மஞ்சுளா நொண்டிக்கொண்டே தறி ஓட்டினாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். அவள் இழுப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது, பழுதான வால்வோடு இருந்ததைவிட அவனுக்குக் கொடுமையாக இருந்தது. இதற்கிடையில் மற்ற வீடுகளும் இதே வழியைப் பிடித்துக்கொள்ள, பதிந்த உடம்புகளில் நோய்கள் வெகுவாகக் குறைந்துவிட்டதாகவும், செலவு கட்டுக்குள் வந்ததாகவும் தலைநகரத்தில் அறிவித்தார்கள்.

இனி பாரம் தூக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், காளிதாஸ் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "வந்துட்டேன், உடு புள்ள" என்றான்.

"வேண்டாங்க" என்று மஞ்சுளா எழுந்து ஓடிவந்தாள். ஓடிவந்த பிறகுதான் கால் நோகவில்லை என்பது தெரிந்தது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்துப் படியேறினான்.

"நீ படுத்துத் தூங்கு. காத்தால ஷிப்டு மாத்திக்கலாம்."

அவள் அழுதாள், பிறகு கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள்.

இப்போதெல்லாம் பள்ளிபாளையத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் தறியோடு வலியும் கைமாறுகிறது. குப்பாயியின் இடுப்புவலியைத் தெருவே முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை மஞ்சுளா வீட்டு முறை.