கதவுக்கு வெளியே ஆன்லைன் வகுப்பு

என் குரலை நானே கதவுக்கு வெளியில கேட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு.

சராசரியைப் பத்திப் பேசிட்டிருந்தேன். "சராசரி சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க"ன்னு நான் சொல்லி முடிச்ச மறுநொடி, கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து "நம்பிடாதீங்க, நம்பிடாதீங்க, நம்பிடாதீங்க"ன்னு என் குரலே முன்னப்பின்னக் கிளம்பி வருது. ஒரு குரல் இல்ல, பத்து இருபது குரல். எல்லாம் நான்தான். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

நான் உட்கார்ந்திருந்தது எங்க துறையோட பழைய சாமான் அறை. உடைஞ்ச நாற்காலியையெல்லாம் அள்ளி வெளியில போட்டு, சுவர் பூரா சத்தம் தடுக்கிற அட்டையை ஒட்டி, ரெண்டு விளக்கும் ஒரு கேமராவும் வெச்சு, 'ஸ்டூடியோ'ன்னு பேர் சூட்டியிருந்தாங்க. சுவருக்கு ஒட்டின புண்ணியவான்கள் கதவுக்கு ஒட்ட மறந்துட்டாங்க. எங்க பல்கலைக்கழகத்துல எந்த வேலை முழுசா நடந்திருக்கு, இது நடக்க?

நான் புள்ளியியல் துறைத் தலைவி. போன வருஷம் துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டார். "பசங்க வர்றது குறைஞ்சுபோச்சு. சம்பளம் போடவே நாக்கு தள்ளுது. ஆன்லைன்ல பட்டப்படிப்பு ஆரம்பிங்க. கூட்டம் சேர்த்தீங்கன்னா உங்க துறை பிழைக்கும். இல்லன்னா உங்களைக் கணிதத் துறையோட சேர்த்துட்டு, ஒப்பந்தத்துல இருக்கிறவங்களை அனுப்பிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து கண்ணைக் கசக்காதீங்க."

எங்க துறையில ஒப்பந்தத்துல இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான். குட்டி மேடம். ஆள் குள்ளம், கரும்பலகையில பாதிக்கு மேல எழுத எட்டாது. அதனால பசங்க வெச்ச பேர் அது, அவளே அதுக்குத் திரும்பிப் பார்ப்பா. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. அவ வீட்டுக்காரர் வியாபாரம் படுத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்டுல அடுப்பு எரியுறதும் பையன் பள்ளிக்கூடம் போறதும் இவ சம்பளத்துல. இந்த வேலை போச்சுன்னா அந்தக் குடும்பம் நடுத்தெருதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதனாலதான் வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினேன். ஒரு விஷயத்துல மட்டும் விடாப்பிடியா நின்னேன். சான்றிதழ்ல ஆன்லைன்ங்கிற வார்த்தையே வரக் கூடாது. வகுப்புல உட்கார்ந்து படிச்சவனுக்கும் வீட்டுல படுத்துக்கிட்டுப் படிச்சவனுக்கும் ஒரே காகிதம். இல்லன்னா எவன் காசு கட்டிச் சேருவான்? கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்தி அதை வாங்கினேன். கட்டணம் ஏற்கெனவே பாதிதான், கட்டடம் வேண்டாம், விளக்கு வேண்டாம், பெஞ்சு வேண்டாம் இல்லையா.

சேர்ந்தாங்கய்யா! நூறு பேருக்கு மேல சேர்ந்தாங்க. எங்க துறையில வகுப்பறைக்கு வர்ற பசங்க மூணு வருஷமும் சேர்த்து அவ்வளவுதான் தேறும். ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு! துணைவேந்தர் பெரிய கூட்டத்துல என்னை எழுந்து நிக்கச் சொல்லிக் கைதட்ட வெச்சார். இயற்பியல் தலைவர் முகத்துல ஈயாடலை. நானும் தலைகால் புரியாமத்தான் திரிஞ்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். வகுப்பறைப் பாடத்தையெல்லாம் குட்டி மேடம் தலையில கட்டிட்டு, பகல் பூரா ஸ்டூடியோவுல பாடம் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்குத்தான் முதல் நேரலை வகுப்பு. எனக்கு எதிர்ல முகம் தெரியலைன்னா பேச்சு வராது. ஆரம்பத்துலேயே சொல்லிட்டேன், "எல்லாரும் கேமராவைப் போடுங்க. இருட்டுக் கட்டத்தைப் பார்த்துப் பாடம் நடத்த நான் என்ன பைத்தியமா?" ரொம்ப நேரம் யாரும் போடலை. அப்புறம் ஒரு நர்ஸ், சீருடையோட. ஒரு ஆள் பஸ் டிரைவர் இருக்கையிலேர்ந்து. ஒரு அம்மா, மடியில குழந்தையை வெச்சுக்கிட்டு. எனக்கு மனசு குளிர்ந்துபோச்சு. இவங்களுக்காகத்தானே இந்தப் படிப்புன்னு நினைச்சு, சராசரிக்குள்ள போயிட்டேன்.

அப்பத்தான் கதவுக்கு வெளியில என் குரல்.

திரையை நல்லாப் பார்த்தேன். மத்தவங்களும் ஒவ்வொருத்தரா கேமராவைப் போட ஆரம்பிச்சிருந்தாங்க. அரையும் குறையுமா நெத்தி தெரியுது, காது தெரியுது. ஒரு பொண்ணோட தலைக்குப் பின்னால ஒரு அறிவிப்புப் பலகை. அதுல 'காலணியுடன் ஆய்வகத்துக்குள் வராதே'ன்னு கோணலா எழுதியிருக்கு. அந்தக் கோணல் கையெழுத்து என்னோடது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

தாழ்வாரம் பூரா பசங்க. சுவர்ல சாய்ஞ்சு, தரையில காலை நீட்டி, படிக்கட்டுல வரிசையா, ஆளுக்கொரு போனோட. எல்லாம் என் பசங்க. முதல் வருஷம், ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம். யாரும் அசையலை. ஒருத்தன் மட்டும் அவசரமா ஒலியைக் குறைச்சான், ஏதோ அதுதான் இப்போ பிரச்சினைங்கிற மாதிரி.

"இங்க என்னடா பண்றீங்க?"

"வகுப்பு கவனிக்கிறோம் மேடம்" அப்படின்னா ரெண்டாம் வருஷப் பொண்ணு. எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்பா, அதனால 'கேள்வி'ன்னே பேர். "விடுதியில நெட் எடுக்கலை. இங்கதான் நல்லா எடுக்குது."

"நீங்க எதுக்குடி ஆன்லைன் வகுப்பு கவனிக்கிறீங்க? உங்களுக்குத்தான் வகுப்பறை இருக்கே!"

"நாங்க மாறிட்டோமே மேடம். அதே பாடம், அதே பட்டம், பாதிக் கட்டணம். நீங்கதானே சான்றிதழ் ஒண்ணுதான்னு சொன்னீங்க? அப்புறம் எதுக்கு முழுசாக் கட்டணும்?"

கேள்வி நியாயமான கேள்வி. வெளியாட்கள் நூறு பேர் சேர்ந்தாங்கன்னு நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே, அந்த நூறு பேரும் என் பெஞ்சுலேர்ந்து எழுந்து போன நூறு பேர். படிப்பு மாறினவங்க பேரை எங்க அலுவலகத்துல வருஷக் கடைசியிலதான் அடிப்பாங்க. அதுவரைக்கும் ஒரு தலை ரெண்டு தலை. ஊருக்கே எண்ணச் சொல்லிக் கொடுக்கிற நான், சொந்தப் பிள்ளைங்களை ரெண்டு தடவை எண்ணியிருக்கேன். வெட்கக்கேடு!

"யார் சொல்லி மாறினீங்க?"

கேள்வி தலையைக் குனிஞ்சா. "குட்டி மேடம்தான் விடுதிக்கு வந்து சொன்னாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சோம்."

வகுப்பை எப்படி முடிச்சேன்னு எனக்கு ஞாபகமில்ல. நேரா குட்டி மேடத்தோட வகுப்பறைக்குப் போனேன். வரிசை வரிசையா காலி பெஞ்சு. மேசைக்குப் பக்கத்துல தனியா நின்னு கரும்பலகையைத் துடைச்சிட்டிருந்தா. அதுல துடைக்க ஒண்ணுமே இல்ல.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" அப்படின்னேன்.

அவ மறைக்கலை. "சேர்க்கை மூடறதுக்கு ஒரு வாரம் இருக்கிறப்போ ஆன்லைன்ல எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமாக்கா? பத்துப் பன்னிரண்டு பேர். அலுவலகத்துல கேட்டுட்டு வந்து எனக்குக் கை கால் ஓடலை. கூட்டம் சேரலைன்னா என்னை அனுப்பிடுவாங்கன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? என் பையன் மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்துச்சு. கூட்டம் வேணும்னாங்க, சேர்த்துக் குடுத்தேன். பசங்களுக்கும் காசு மிச்சம். யாருக்குக்கா நஷ்டம்?"

"யாருக்கா? முழுக் கட்டணம் கட்டின பிள்ளை பாதி கட்டினா மீதிக்கு எவன் வருவான்? பல்கலைக்கழகத்தோட அடிமடியிலேயே கை வெச்சிருக்கியேடி!"

"எனக்கு அதெல்லாம் யோசிக்க வரலைக்கா" அப்படின்னு மென்னு முழுங்கினா. "நீங்க வெளியில சொல்லிடாதீங்க. ஒப்பந்தம் இந்த மாசம் கையெழுத்தாகணும்."

எனக்கு அவ மேல வந்த கோவத்துக்கு அளவில்ல. அதைவிட என் மேல. ஒரே காகிதம்னு தொண்டை கிழியக் கத்தினவ நான்தானே! ஆனா சொல்லாம எப்படி இருக்கிறது? மத்த துறைங்களும் எங்களைப் பார்த்து அடுத்த வருஷம் இதே மாதிரி ஆரம்பிக்கத் துடிச்சுக்கிட்டு இருந்தாங்க. இயற்பியல் தலைவர்கூட என்கிட்ட யோசனை கேட்டுட்டுப் போயிருந்தார். ஒரு பல்கலைக்கழகம் மொத்தமும் காலியாகுறதை வாயை மூடிக்கிட்டுப் பார்க்க என்னால முடியாது. அவ பேரை மட்டும் எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு மாடி ஏறினேன்.

துணைவேந்தர் தேநீர் குடிச்சிட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோப்பை கையிலேயே நின்னுபோச்சு.

"மொத்தமுமா?"

"மொத்தமும்தான் சார். உண்மையா வெளியிலேர்ந்து வந்தது பத்துப் பன்னிரண்டு பேர். அவங்க நல்ல பிள்ளைங்க, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க. அவங்களுக்காக இதை நடத்தலாம். ஆனா இது நம்ம ஓட்டையை அடைக்காது. புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்கோம்."

மனுஷன் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டார். கத்துவார்னு பார்த்தேன். கத்தலை. மெதுவாக் கேட்டார், "அப்போ கீழ வகுப்பறை?"

"காலி சார்."

"அய்யய்யோ" அப்படின்னார். "அந்தக் குட்டி மேடத்தை நிரந்தரமாக்கணும்னு போன ஆட்சிக்குழுக் கூட்டத்துல நானே பேசி ஒத்துக்க வெச்சிருக்கேன்மா. நீங்க ஆன்லைனைப் பார்த்துப்பீங்க, வகுப்பறைக்கு ஒரு ஆள் வேணும்னு நான் சொன்னதாலதான் ஒத்துக்கிட்டாங்க. வகுப்பறையே இல்லன்னா நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஆள் கேட்பேன்? நிரந்தரம் என்ன, ஒப்பந்தமே நீட்ட முடியாதே!"

"சார், கூட்டம் சேரலைன்னா அனுப்பிடுவேன்னு நீங்கதானே..."

"அது சும்மா ஒரு விரட்டு விரட்டினதும்மா!" நெத்தியில அடிச்சுக்கிட்டார். "எல்லாத் துறைக்கும் அதைத்தான் சொன்னேன். பயம் இருந்தாதான் இங்க வேலை நடக்கும். வகுப்பு நிறைய பிள்ளைங்க உட்கார்ந்திருக்கிற துறையை எந்த மடையனாவது மூடுவானா?"

அந்த ஒரு விரட்டைத்தான் நான் பத்திரமாக் கொண்டுபோய் அவகிட்ட சேர்த்திருக்கேன். அதை நம்பித்தான் அவ விடுதிப் படி ஏறியிருக்கா. எழுந்தேன்.

பசங்களைத் திரும்ப வகுப்பறைக்கு வரச் சொல்லலாமேன்னு வாசல்ல நின்னு கேட்டேன். "முழுக் கட்டணம் கட்டுவாங்களா?"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

படி இறங்குற இடத்துல நின்னுட்டிருந்தா குட்டி மேடம். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிஞ்சுபோச்சு. மீதியை நான் சொன்னேன். எதையும் மறைக்கலை, விரட்டினதையும் சொன்னேன், நிரந்தரத்தையும் சொன்னேன். அவ அழலை. கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டா.

"அப்போ அன்னைக்கு நான் விடுதிக்குப் போகாம, பேசாம வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்த வேலை எப்படியும் போயிருக்கும்டின்னு சொல்லியிருந்தா அவளுக்கு ஒரு ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அந்த நேரத்துல பொய் வரலை.

"வேலை நிரந்தரமாயிருக்கும்" அப்படின்னேன்.

அவ தலையை ஆட்டினா. அப்புறம், "பையனுக்கு மணி அடிச்சிருக்கும்க்கா, கூட்டிட்டு வரணும்"னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டா.