பதினொரு மணிக்கு முந்திய ஜெபம்

டென்மார்க்கில், யூட்லாந்தின் கீழைக் கரைக்கு இளவேனில் மிகுந்த தயக்கத்தோடு வரும். பங்குனி முழுதும் ஈயநிற வானம் ஈயநிறக் கடலின்மேல் கவிந்து கிடக்கும், நாணல்கள் தலை தாழ்ந்து நிற்கும், கடற்பறவைகளும் குரலடக்கும். பின்னர் ஒரு சனிக்கிழமை காலையில் மெலிந்த ஒளிக்கீற்றொன்று அலைமேல் விழும். ஊரார் அதனையே கோடையெனக் கொண்டு, கம்பளித் தொப்பியும் கையுறையுமாக ஐஸ்கிரீம் வாங்க வரிசையில் நிற்பர்.

அவ்வரிசை முப்பத்தோராண்டாக ஜீவரட்ணத்தின் கடைவாசலில் நின்று வருகிறது. பருவத்தின் முதல் நாள் பதினொரு மணிக்குக் கதவு திறக்கும். ஒரு நிமிடமும் பிந்தியதில்லை. இவ்வாண்டோ துறைமுக இடத்தின் குத்தகை முடிகிறது. பழைய மரபைப் பேணும் கடைக்கே இடம் என்று நகரசபை விதித்திருந்தது. ஒரு காப்பிக்கடை நிறுவனமும் அதே இடத்தைக் கேட்டிருந்தது. விக்ரோரியா என்னும் நகரசபை அதிகாரி இன்று நேரில் வந்து பார்ப்பார்.

கலக்கத்தில் ஜீவரட்ணம் ஒரு பிழை செய்தார். தம் திருச்சபை மூப்பர் குலேந்திரனை அழைத்தார்.

“அண்ணை, சின்னதாய் ஒரு ஜெபம். பதினொரு மணிக்குக் கதவு திறக்கவேணும்.”

“ஓம் தம்பி, ரெண்டு நிமிசம்.”

அந்த இரண்டு நிமிடத்தைச் சபையார் அறிவர். முன்பொரு பிறந்தநாளில் அவர் ஆமென் சொல்வதற்குள் சோறு மூன்று தடவை சூடாக்கப்பட்டது.

பத்து ஐம்பதுக்கு ஜெபம் தொடங்கியவர் முதலில் கடலைப் படைத்தார். பதினொரு மணிக்கு வேதாகமத்துப் பேழை இன்னும் வெள்ளத்தில் மிதந்தது. பிறகு ஓகூஸில் படிக்கும் பிள்ளைகள், ஹோர்சன்ஸில் வேலை தேடுவோர், ஜீவரட்ணத்தின் மனைவி இன்பமலரின் முழங்கால் என இறங்கி வந்தார். ஜீவரட்ணம் ஒற்றைக் கண்ணால் கடிகாரத்தையே பார்த்திருந்தார்.

மகள் ஜெனிதா டேனிஷில் முணுமுணுத்தாள்: வரிசை மீன்கடையைத் தாண்டிவிட்டது.

“ஜெபத்துக்கு நடுவிலை எப்படியம்மா குறுக்கிடுறது?” என்றார் தந்தை.

“அப்ப நான் திறக்கிறன்.”

“நில்லு! ஆமென் வரட்டும்.”

கண் திறவாமலே இன்பமலர் சீறினார்: “ரெண்டுபேரும் வாயை மூடுங்கோ. இப்பதான் என்ரை முழங்காலுக்கு வந்திருக்கிறார்.”

மூப்பர் வனிலாவை ஆசீர்வதித்தார், ஸ்ட்ராபெரியை ஆசீர்வதித்தார், பிஸ்தாவில் சற்றே கண்கலங்கினார்.

வெளியே நின்றோர், பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் மக்கள். கண்ணாடிக்குள் தாழ்ந்த தலைகளைக் கண்டனர். முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவரும் கழற்றினார். நாற்பது தொப்பிகள் கைக்கு வந்தன. வழுக்கைத் தலைகள்மேல் வடகாற்று தடையின்றி உலாவிற்று. வரிசையருகே நின்ற விக்ரோரியா ஏதோ குறித்துக்கொண்டார்.

பதினொன்று இருபத்திரண்டுக்கு ஆமென் வந்தது. கதவைத் திறந்த ஜீவரட்ணம் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

“மன்னிப்பா?” என்றார் மூக்குச் சிவந்த விக்ரோரியா. “இத்தனை பழைய மரபை ஏன் எங்களிடம் மறைத்தீர்கள்?”

“என் சிறுவயதிலும் இப்படித்தான்,” என்று, கடைக்கு முப்பத்தோராண்டே ஆனதை மறந்து, முதலில் தொப்பி கழற்றிய முதியவர் சாட்சியும் சொன்னார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. குத்தகை பத்தாண்டு நீடிக்கும். நிபந்தனை ஒன்று: தொடக்கநாள் மௌனம் ஆண்டுதோறும் இருபத்திரண்டு நிமிடம், கூடாமலும் குறையாமலும் நடைபெறவேண்டும்.

குலேந்திரன் அதனை இருமுறை வாசித்தார். “இருபத்திரண்டு நிமிசத்திலை எப்படித் தம்பி முடிக்கிறது?”

அவர் போனபின் ஜீவரட்ணத்தின் நெஞ்சில் ஒன்று உறுத்தியது. அன்று எல்லோரும், தெருவில் நின்றோரும்கூட, தலை தாழ்த்தினர். தாம் மட்டும் ஒரு சொல்லும் ஜெபிக்கவில்லை. ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைச் சாத்தினார். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்தார். கடிகாரத்துக்கு முதுகு காட்டி நின்று, “தேவனே, நன்றி” என்றார். அவ்வளவே.

இவ்வாசலில் குளிரோடு வந்து நிற்போர் யாவரும் இனிப்போடு திரும்புக. அவர்தம் கடல் அமைதி கொள்க. காத்திருந்த தலைகள்மேல் கதிரொளி பொழிக.