செலஸ்டின் போட்ட பாதை

அந்தக் குளிர்காலத்தில் காட்டில் முயல் அற்றுப்போயிற்று. பத்து வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஆவதுதான். ஆனால் வயிற்றுக்கு வருஷக் கணக்குத் தெரியுமா? ஏரிக்கு அப்பால் திரிந்த லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையோ முயலையே நம்பிப் பிறந்த ஜென்மம். நவம்பரில் பனியில் அதன் பின்னால் நான்கு குட்டிகளின் தடம் போனது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு. ஜனவரியில் ஒன்றே ஒன்று.

செலஸ்டினுக்கு மனசு கேட்கவில்லை. இருபது வருஷமாகக் கணவனோடு பொறி வைத்துத் தோல் விற்றுப் பிழைத்தவள்தான். இந்த வருஷம் பொறிகளையெல்லாம் சுருட்டிக் கட்டிவிட்டாள். இந்தத் தாயும் குட்டியும் போனால் இங்கே பூனை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. தினமும் காலையில் பனியில் புதையாத அகல மிதியடியை மாட்டிக்கொண்டு, ஏரிக்கு அப்பாலிருந்த பெரிய ஊசியிலை மரத்தடியில் மீன்தலைகளைப் போட்டுவிட்டு வந்தாள்.

"நாய்க்கு வச்சிருந்த மீனு மகாராணிக்குப் போகுதா?" என்றான் கணவன் இசிடோர்.

"உன் பங்கைத் தொடலை, பேசாம இரு."

"மடியில வந்து படுத்துக்கும்னு பாக்கிறியா?"

மூன்றாம் நாள் மீன்தலைகளைக் காணோம். மரத்தடியில் சின்னத் தடமும் இருந்தது. அதைக் கேட்டதும் இசிடோர் கேலியை விட்டான். மறுநாள் அவனே பையில் இரண்டு தலை கூடுதலாகப் போட்டான்.

பத்தாம் நாள் அவள் தினமும் நடந்த பாதையின் மேலேயே ஓநாய்த் தடம் கிடந்தது. ஐந்து ஓநாய்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

பாவி மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாய்கள் இழுக்கும் பனிவண்டிக்குப் பாதை போடுவது இப்படித்தானே? மிதியடியால் மிதித்து ஒரு ராத்திரி விட்டால் பனி சிமெண்டாய் இறுகிவிடும். வாழ்நாளெல்லாம் அவள் செய்த வேலை. தட்டுப் போன்ற பாதம் உள்ள பூனை இறுகாத இளம்பனி மேல் நடந்துவிடும். ஓநாயோ மார்பு வரை புதையும். அந்த இளம்பனிதான் பூனைக்குக் கோட்டை. கோட்டை வாசல் வரை இவளே ரோடு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மரத்தடியில் ரத்தமும் ஒரு பிடிச் சாம்பல்நிற ரோமமும் கிடந்தன. ஏறித் தப்பக் குட்டிக்குத் தெம்பு இருந்திருக்காது. தாய் உச்சிக்கிளையில் ஒண்டியிருந்தது. கீழே அந்த ரோமத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பின்னாலேயே வந்த இசிடோர் பாதையைக் காலால் உதைத்துப் பார்த்தான்; பெயரவில்லை. "வெட்டிப் போட்டுடலாமா இந்தப் பாதையை?" என்றான்.

"ரெண்டு மைல் இருக்கு. அதுக்குள்ள ஓநாய்ங்க திரும்பி வந்துடும். பனி விழுந்து மூடினாத்தான் உண்டு."

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தக் கடுங்குளிரில் ஒரு வாரத்துக்குப் பனி விழாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பாதையை விட்டு இறங்கி நடந்தால் அது இன்னொரு பாதையாகிவிடும். செலஸ்டின் அழுதுகொண்டே அதே பாதையில் நடந்தாள். அவள் வைத்த ஒவ்வொரு அடியும் அதை இன்னும் கெட்டியாக்கியது.