ஞானசெல்வியின் பலகை

ஐஸ் கலந்த இறாலைச் சிமெண்ட் தரையில் கொட்டினார்கள். ராயபுரத்தில் இன்னும் விடியவில்லை. பெண்கள் பலகைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்து, சதையைக் கூடையில் போட வேண்டும். முதல் கூடை நிறைவதற்குள் விரல்கள் மரத்துவிடும். அப்புறம் முள் குத்தினாலும் வலிக்காது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஞானசெல்வி உரித்தாள். வாசலைப் பார்த்தாள். மறுபடி உரித்தாள்.

அவள் மகள் ஃப்ளோராவுக்கு ஐந்து வயது. போன வாரம் இதே முற்றத்தில், பின்னால் நகர்ந்த லாரி அவள் வலது காலில் ஏறியது. எலும்பு தப்பியது. குதிகாலில் தோலும் சதையும் உரிந்துபோயின. நேற்றுப் பகல்தான் ஆஸ்பத்திரியில் இடது கெண்டைக்காலின் தோலை, ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்க அறுத்துத் தூக்கி, வலது குதிகாலின் மேல் போர்த்தித் தைத்தார்கள். இரண்டு கால்களையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள்.

"அந்தக் காலோட ரத்தத்துலதான் இந்தத் தோல் உயிரோட இருக்கு," என்றார் டாக்டரம்மா. "மூணு வாரத்துல இங்க ஒட்டிக்கும். அப்புறம் அங்க வெட்டி விட்டுடுவோம். அதுவரைக்கும் அசையக்கூடாது. தோல் செத்துட்டா பாதத்தையே எடுக்க வேண்டியதாயிடும்."

அன்று வேலை முடிந்ததும் ஞானசெல்வி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஃப்ளோரா விழித்து, அம்மாவைக் காணாமல், கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்திருந்தாள். மாவுக்கட்டு விரிசல் விட்டிருந்தது. ஓரத்தில் தையல் அறுந்திருந்தது.

"கூட யாரும்மா இருந்தது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வேலைக்குப் போய்ட்டேம்மா."

"அவ அப்பா?"

"மீன் புடிக்க லாஞ்சுல விசாகப்பட்டினம் பக்கம் போய்க்கீறாரு."

"இன்னொரு தடவை வச்சுத் தைக்கத் தோல் இல்ல," என்றார் டாக்டரம்மா.

பக்கத்துக் கட்டில்காரியிடம் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஞானசெல்வி திரும்ப இறால் கொட்டகைக்கு வந்தாள். முதலாளி செல்வநாதன் தராசருகில் உட்கார்ந்திருந்தார்.

"மூணு வாரம் என் எடத்தை வச்சிருங்க மொதலாளி."

"ஒருநாள் வரலைன்னா எடம் போச்சு. உனக்குன்னு தனிச் சட்டமா? வாசல்ல பாரு, டெய்லி வேல கேட்டு நின்னுகினு கீறாளுங்க."

"கொழந்த காலு மொதலாளி."

"கொழந்தைய யாரு இட்டுகினு வரச் சொன்னது? இது இன்னா பால்வாடியா?"

தரை கழுவிக்கொண்டிருந்த சிலுவையம்மாள் நிமிர்ந்தாள்.

"லாரி பின்னாடி நின்னு கொரல் குடுக்க ஒரு கிளீனர் இருந்தான். அவனை வேலைய வுட்டு நிறுத்துனது யாரு நைனா?"

"உன்னாண்ட கேட்டேனா?"

"கேட்டிருந்தா நிறுத்தாதன்னு சொல்லியிருப்பேன்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். செல்வநாதன் அவளைத் தேடினார். கூடை கழுவிய பெண்களின் தலைகள் எல்லாம் குனிந்திருந்தன.

"நீ போ," என்றாள் சிலுவையம்மாள் ஞானசெல்வியிடம். "போய் அவ காலைப் புடிச்சிகினு குந்து. உன் எடத்தை நாங்க பாத்துக்கறோம்."

"எப்படிக்கா?"

"அது எனக்கும் தெரில. போ."

மறுநாள் பெண்கள் இருட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஞானசெல்வியின் பலகையை அதன் இடத்திலேயே போட்டு வைத்தார்கள். செல்வநாதன் அதைப் பார்த்தார். வாசலுக்கு நடந்தார்.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. அந்தப் பலகையில் யாரும் உட்காரக் கூடாதென்று உள்ளே உரிக்கிற எல்லோரிடமும் சிலுவையம்மாள் பேசியிருந்தாள். வெளியே நிற்கிறவர்களிடம் பேச ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"ஷம்ஷாத், உள்ள வா," என்றார் செல்வநாதன்.

மழைக்காலத்திலிருந்து தினமும் வந்து நின்று திரும்பிப் போகிறவள் ஷம்ஷாத். முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள். பலகையருகில் நின்றாள்.

"யாரு எடம் இது?"

"ஞானசெல்வி எடம்," என்றாள் சிலுவையம்மாள்.

"லாரி ஏறுச்சே, அந்தக் கொழந்தையோட அம்மாவா?"

"ஆமா. ஆஸ்பத்திரில அது காலைப் புடிச்சிகினு கீறா. இவரு எடம் போச்சுன்றாரு."

ஷம்ஷாத் பலகையையே பார்த்தாள்.

"என் வூட்லயும் அடுப்பு எரிலக்கா," என்றாள்.

உரித்த கைகள் நின்றிருந்தன.

அவள் செல்வநாதன் பக்கம் திரும்பினாள். "எடம் காலி இல்லியே மொதலாளி."

வந்த வழியே வெளியே போனாள்.

"அடுத்தவ வா," என்றார் அவர். வாசலில் நின்ற ஒருத்தி ஓர் அடி வைத்தாள். ஷம்ஷாத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

சிலுவையம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறே? இறாலு நாறிடும்."

"வெளிய கீறவங்களாண்ட நேத்தே பேசியிருக்கணும் நைனா. இப்ப போய்ப் பேசறேன்."

அவள் பின்னால் ஒருத்தி எழுந்தாள். பிறகு இருவர். பிறகு எல்லோரும் வாசலுக்குப் போய் நின்றார்கள்.

லாரி வந்து ஹாரன் அடித்தது. யாரும் விலகவில்லை. உள்ளே ஐஸ் உருகி, தண்ணீர் வாசற்படி தாண்டி அவர்கள் காலடிக்கு வந்தது. ஷம்ஷாத் நகர்ந்து சிலுவையம்மாளுக்கு இடம் விட்டாள்.

"அந்தக் கொழந்தைக்கு எத்தினி நாளு ஆவும்க்கா?"

"மூணு வாரம்."

"அத்தினி நாளும் நிக்கணும்," என்றாள் ஷம்ஷாத்.